நிலவொளியில் வடியும் பால்: ‘தி லெட்டர்’ திரைப்படமும் தோட்டப்புற மனைவியர் வரலாறும்

ஈப்போ நகரை ஒட்டியமைந்த புந்தோங், பேராக் மாநிலத் தமிழரின் வாழ்விடங்களுள் முதன்மையானது. கச்சாங் பூத்தே வணிகத்தால் இன்று நாடறிந்த ஊராக அது விளங்கினாலும், அங்கு வாழும் முதியோர் பலரின் நினைவுகள் இரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்தவை. 1950களில் ஐரோப்பியர் தம் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கிய காலம் முதல், செம்பனையும் வீடமைப்பும் பால்மரங்களை விழுங்கிய காலம் வரை, தோட்டத்தை இழந்த குடும்பங்கள் நகர்ப்புறங்களை நோக்கி வந்தன. அவ்வாறு வந்தோர்க்குப் புந்தோங்கும் இடமளித்தது. பால் வெட்டிய கைகளையுடைய மூதாட்டியர் சிலர் இன்றும் அங்குள்ளனர்.

அம்மூதாட்டியருள் சிலருக்கு 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி லெட்டர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை ஒருமுறை போட்டுக் காட்டினோம். மலாயாத் தோட்டமொன்றைக் களமாகக் கொண்ட படம் என்பதாலேயே அதனைத் தேர்ந்தோம். படம் மெதுவாகத் தொடங்குகிறது. நிலவு காய்கிறது. மரத்தில் வெட்டிய கீறலிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக வடிகிறது. கேமரா மரத்தைவிட்டு நகர்ந்து, ஓலைக் கொட்டகையில் தூளி கட்டிப் படுத்திருக்கும் தொழிலாளரைக் கடந்து, துரையின் பங்களாவை அடைகிறது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் பேச்சே இல்லை. பின்னர் ஒரு துப்பாக்கி வெடிக்கிறது. ஒருவன் விராந்தாவில் தடுமாறி விழ, பின்னால் வந்த பெண்ணொருத்தி எஞ்சிய குண்டுகளையும் அவன்மேல் பாய்ச்சுகிறாள்.

உலகத் திரைப்பட வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றும் தொடக்கம் இது. எம்முடன் அமர்ந்திருந்த மூதாட்டியொருவர் கொலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “ராத்திரியில யாருங்க பால் வெட்டுவா? விடியக்காலம் வெட்டி, வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்திடணும். விட்டா மங்குல ஒட்டுப்பாலாப் போயிடும்” என்றார். மற்றொருவர், “லயத்தைக் காணோமே” என்றார்.

இவ்விரு சொற்களும் எம்மைச் சிந்திக்க வைத்தன. ஹாலிவுட் கலைஞர்க்குத் தோட்டம் ஒரு பின்னணி, அழகிய இருட்டு. அங்கு யார் எந்நேரத்தில் எழுந்து பெரட்டுக்குச் சென்றனர், எங்கே உறங்கினர் என்பது அவர்க்கு வேண்டாத செய்தி. அப்படத்தின் பொருளோ துன்புற்ற மனைவியொருத்தியின் காதல். அத்தகைய காதல் துரையின் பங்களாவில் நிகழ்ந்தால் என்னவாயிற்று, லயத்தில் நிகழ்ந்தால் என்னவாயிற்று என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

படத்தின் கதையை முதலில் சுருக்கமாகக் கூறுவோம். தோட்டத்துரை இராபர்ட் கிராஸ்பியின் மனைவி லெஸ்லி. கணவன் நல்லவன், ஆனால் வேலையே கதியென்றிருப்பவன். நண்பனான ஜெஃப்ரி ஹாமண்டைச் சுட்டுக் கொன்ற லெஸ்லி, அவன் தன் கற்புக்கு ஊறு செய்ய முற்பட்டதாகவும் தற்காப்புக்காகவே சுட்டதாகவும் கூறுகிறாள். வெள்ளையர் சமூகம் முழுவதும் அதனை நம்புகிறது. அன்றிரவு அவனை வரச்சொல்லி அவளே எழுதிய கடிதம் ஒன்று ஹாமண்டின் மனைவியிடம் உள்ளதென வழக்கறிஞர் ஜாய்சுக்குத் தெரியவருகிறது. 10,000 வெள்ளி கொடுத்துக் கடிதம் வாங்கப்படுகிறது. லெஸ்லி விடுதலையாகிறாள். பணம் கணவனின் சேமிப்பு என்பதால் உண்மை அவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டியிருக்கிறது. அவன் மன்னிக்க முன்வருகிறான். அவளோ தான் கொன்றவனையே இன்னமும் நேசிப்பதாகச் சொல்லிவிடுகிறாள். வில்லியம் வைலர் இயக்க, பெட்டி டேவிஸ் லெஸ்லியாக நடித்த இப்படம் ஆஸ்கார் விருதுக்கு ஏழு பிரிவுகளில் முன்மொழியப்பட்டும் ஒன்றையும் பெறவில்லை.

இக்கதை சாமர்செட் மாம் எழுதியது. 1924இல் சிறுகதையாக வெளிவந்து, 1926இல் ‘தி கேசுவரினா ட்ரீ’ தொகுப்பில் இடம்பெற்று, 1927இல் இலண்டனில் நாடகமாக மேடையேறியது. 1929இல் ஜீன் ஈகல்ஸ் நடிப்பில் ஒருமுறை படமாகியது. அப்படத்தில் காதலனாக வந்து சுடப்பட்ட ஹெர்பர்ட் மார்ஷல்தான் 1940இல் கணவனாக நடித்தார் என்பது ஒரு வேடிக்கையான செய்தி.

மாம் இதனைக் கற்பனையாகப் படைக்கவில்லை. 1921இல் அவர் மலாயாவுக்கு வந்தபோது செவிவழிக் கேட்ட வழக்கே கதையாயிற்று. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தின் தற்காலிகத் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் பிரவுட்லாக்கின் மனைவி எத்தல், தம் இல்லத்து விராந்தாவில் வில்லியம் ஸ்டீவர்ட் என்னும் ஈயச் சுரங்க மேலாளரைச் சுட்டுக் கொன்றார். கணவர் அன்றிரவு நண்பர் வீட்டு விருந்துக்குச் சென்றிருந்தார். ஸ்டீவர்ட் தம்மைப் பலவந்தப்படுத்த முயன்றதாக எத்தல் கூறினார். இருவர்க்குமிடையே முன்பே உறவு இருந்ததா என்னும் வினா எழுந்தது; அவர் மறுத்தார். ஜூன் மாதம் நடைபெற்ற விசாரணையில் நீதிபதியும் இரு அசெசர்களும் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அன்றைய ஐரோப்பியச் சமூகம் அதிர்ந்து போயிற்று. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி தூக்கிலிடப்படுவதா? கருணை மனுக்கள் குவிந்தன. ஜூலை மாதத்தில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். எத்தல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

வழக்கையும் கதையையும் படத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு விந்தை புலப்படும. உண்மை வழக்கில் நீதிமன்றம் தண்டித்தது, அரசர் மன்னித்தார். மாமின் கதையில் நீதிமன்றமே விடுவித்தது. மனச்சான்று மட்டும் தண்டித்தது. படத்திலோ நீதிமன்றம் விடுவிக்க, இறுதியில் ஹாமண்டின் மனைவி கத்தியால் பழிதீர்க்கிறாள். இம்முடிவு கலைத்தேவையால் வந்ததன்று. கணவனுக்குத் துரோகம் செய்து கொலையும் செய்தவள் தண்டனையின்றித் திரையில் உலவக்கூடாது என்பது அன்றைய அமெரிக்கத் தணிக்கை விதி. கதையில் ஹாமண்டுடன் வாழ்ந்த சீனப் பெண் திரையில் கலப்பினத்தவளாகவும் முறைப்படி மணந்த மனைவியாகவும் மாற்றப்பட்டதற்கும் அதே விதியே காரணம். ஒரு கதையில் எதைச் சொல்லலாம் என்பதைப் படைப்பாளியைவிட அச்சமூகத்தின் கூச்சங்களே முடிவு செய்கின்றன.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. பிரவுட்லாக் வழக்கில் ஸ்டீவர்ட்டை ஏற்றிவந்த ரிக்‌ஷாக்காரர் வாயிலில் காத்திருந்தார். தாம் கண்டதை அவர் நீதிமன்றத்தில் சொன்னார். ஓர் உழைப்பாளியின் கண்ணும் நாவும் ஒரு வெள்ளைப் பெண்ணின் வழக்கில் இடம்பெற்றன. திரைப்படத்திலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தொழிலாளர் துள்ளியெழுகின்றனர், பார்க்கின்றனர். ஆனால் நீதிமன்றக் காட்சியில் அவர்களுள் எவரும் சாட்சிக் கூண்டில் நிற்பதை நாம் காணவில்லை. அவர்களைத் தமிழர் என்று அடையாளங் காட்டுவதும் படத்தில் எதுவுமில்லை. 1911 மலாயாத் தோட்டமொன்றில் பால் வெட்டியோர் யாரென்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910இல் முடிவு கட்டப்பட்டு, கங்காணிகள் ஊருக்குச் சென்று ஆள் கட்டிவந்த காலம் அது.

இனி லயத்துக்கு வருவோம்.

மலாயாவுக்கு வந்த தமிழருள் பெண்கள் மிகச் சிலரே. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியருள் 1000 ஆண்களுக்கு 200 பெண்கள்கூட இல்லை. 1931இலும் அவ்வெண்ணிக்கை 500ஐ எட்டவில்லை. இத்தகைய சமூகத்தில் மணவாழ்வு எவ்வாறிருக்கும்? குடும்பமாக வருவோரைத் தோட்ட நிருவாகங்கள் விரும்பிய காலத்தில், முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் குடியேற்ற முகாமிலேயே கணவன் மனைவியாகப் பதிவாகிக் கப்பலேறியதும் உண்டு. ‘டிப்போ’ மணம் என்பது அதுவே. தோட்டத்தில் மாரியம்மன் சந்நிதியில் தாலி கட்டிய மணங்களும் எந்த அரசுப் பதிவேட்டிலும் ஏறாதவை. அத்தகைய மணவாழ்வில் துன்புற்ற பெண்ணொருத்தி வேறொருவனோடு சென்றால், அதனைக் காதல் என்று எவரும் எழுதவில்லை. கோப்புகளில் அதற்கு வேறு பெயர் இருந்தது. பிறன் மனைவியைக் கவர்ந்து செல்லுதல் என்பது அப்பெயர்.

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த மலாயாத் தண்டனைச் சட்டத்தில் 498ஆம் பிரிவு இதற்கென்றே இருந்தது. மணமான பெண்ணை அவள் கணவனிடமிருந்து அழைத்துச் செல்பவன் குற்றவாளி. முறையிடும் உரிமை கணவனுக்கு. தண்டனை அழைத்துச் சென்றவனுக்கு. பெண் விரும்பிச் சென்றாளா என்பது கேள்வியே அன்று. மாடு களவு போனால் மாட்டின் விருப்பத்தை யார் கேட்பார்? இவ்வுவமை சற்றே கடுமையானதுதான். எனினும் அப்பிரிவைப் படிக்குந்தோறும் எமக்கு இதுவே தோன்றுகிறது. அப்பிரிவு மிக நீண்ட காலம் நம் சட்டநூலில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. அரசியலமைப்பின் சமத்துவ உரிமைக்கு அது முரணானது என்று மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023ஆம் ஆண்டு டிசம்பரில்தான். அதன் உடன்பிறப்பான இந்திய 497ஆம் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கியது.

தோட்டத்துரைமார் இத்தகைய வழக்குகளில் தலையிட்டதற்குக் காரணம் ஒழுக்கக் கவலை மட்டுமன்று. ஒருத்தி ஓடினால் ஓர் ஆள் குறையும். அவளைத் தேடிக் கணவன் போனால் இரண்டாகும். வெட்டுக்கத்தியால் பழிதீர்க்கப் போனால் மூன்றாகும். மனைவியைக் கொன்ற தொழிலாளரின் செய்திகள் அக்கால ஆங்கில நாளேடுகளில் சில வரிகளில் முடிந்துவிடும். பிரவுட்லாக் வழக்குக்கு அதே ஏடுகள் பக்கம் பக்கமாக இடமளித்தன.

இப்பெண்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர் அருணிமா தத்தா. ‘ஃப்ளீட்டிங் ஏஜென்சிஸ்’ என்னும் அவரது நூல் 2021இல் வெளிவந்தது. தோட்டத்துப் பெண்கள் வெறும் பலிகளும் அல்லர், ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்தவாறு ஒழுக்கங் கெட்டவரும் அல்லர் என்பது அவர் வாதம். ஆண்கள் மிகுந்த இடத்தில், அடிக்கும் கணவனை விட்டு நீங்கி வேறொரு துணையை நாடுவது, சில நேரங்களில் அவர்க்குக் கிடைத்த ஒரே வழி. அது நிலைத்த விடுதலையன்று. ஒரு கணத்துத் துணிவு. அடுத்த கணமே பறிபோகக்கூடியது. அவ்வாதத்தை நாம் பெரும்பாலும் ஏற்கிறோம். எனினும் நீதிமன்றக் கோப்புகளை மட்டும் கொண்டு அத்துணிவின் அளவை மதிப்பிட முடியுமா என்னும் ஐயம் எமக்குண்டு. கோப்பில் ஏறியவை பிடிபட்டவை. பிடிபடாமல் வேறு தோட்டத்தில் வேறு பெயரில் வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் கண்டு மறைந்தோர் கோப்பில் இல்லை.

இவ்விடத்தில் லெஸ்லியையும் பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடைத்து. பங்களாவின் விளக்கொளியில் லெஸ்லி ஓயாமல் லேஸ் பின்னிக்கொண்டிருக்கிறாள். காலத்தைக் கொல்வதற்கான வேலை அது. அவளுக்கென ஒரு காசு வருவாயில்லை. அவளைக் காப்பாற்றிய கடிதத்தை வாங்கிய பணமும் கணவனுடையதே. தமிழ்ப் பெண்ணோ விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரைக்குச் சென்று பால் வெட்டியவள். அவள் பெயர் செக்ரோலில் தனியே ஏறியது. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையும் பகுதிகளில் வகுக்கப்பட்ட அடிப்படைக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைவுதான், அநீதிதான். ஆனால் அந்த 40 காசு அவள் பெயரில் வந்தது. ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டத்துக்குச் சென்றாலும் அவள் கை அவளுக்குச் சோறு போடும். காதலனோடு புறப்பட லெஸ்லிக்கு இல்லாத ஒன்று, இவளிடம் இருந்தது. காப்பாற்ற வழக்கறிஞரும் மன்னிக்க அரசரும் மட்டுமே இல்லை.

துன்புறும் மனைவியைப் பற்றிய மற்றொரு படம் நம் நினைவுக்கு வருகிறது. சத்யஜித் ராயின் ‘சாருலதா’ 1964இல் வெளிவந்தது; தாகூரின் ‘நஷ்டநீட்’ என்னும் கதையைத் தழுவியது; 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதிக் கல்கத்தாவைக் களமாகக் கொண்டது. அதன் தொடக்கமும் மெதுவானதே. அதிலும் நாயகி கையில் ஊசிநூல்: கணவன் பெயரின் முதலெழுத்தைக் கைக்குட்டையில் தைக்கிறாள். பின்னர் வீடெங்கும் அலைந்து சன்னல் வழியே தெருவைப் பார்க்கிறாள். கணவன் பூபதி செய்தித்தாள் நடத்துவதில் மூழ்கியவன். அவனும் நல்லவனே. மைத்துனன் அமலிடம் அவள் மனம் சாய்கிறது. யாரும் யாரையும் கொல்வதில்லை. ஒரு கடிதம் வருகிறது, அவள் அழுவதைக் கணவன் பார்த்துவிடுகிறான். அவ்வளவே. லெஸ்லியின் ஆறு குண்டுகளைவிட அந்த அழுகை எம்மை அதிகம் தாக்கியது என்று கூறினால் அது எம் சொந்த விருப்பு வெறுப்பாகக் கொள்ளப்படலாம். ஆயினும் சாருவுக்கு எழுதத் தெரியும். அவள் எழுத்து அச்சேறுகிறது. தன் தனிமையைத் தானே சொல்லும் வாய்ப்பு அவளுக்குக் கிட்டியது.

தமிழ் மரபு இப்பொருளை எவ்வாறு கையாண்டது? மருதத்திணையில் தலைவன் பரத்தையரை நாடிப் பிரிவான், தலைவி ஊடுவாள், வாயில்கள் தூது வருவர். அவன் பிரிவுக்கு இலக்கணமே வகுத்த மரபு, மணந்த தலைவியின் மனம் பிறிதொருவனை நாடினால் அதற்கென ஒரு திணையை வகுக்கவில்லை. தற்காலத் திரையிலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) தமிழில் வந்த நிதானமான, அழகான படங்களுள் தலையாயது. கொடுமைக்காரக் கணவனிடம் சிக்கிய மனைவி அதில் துன்புறுகிறாள், மடிகிறாள். அவள் துயரை உருகி உருகிக் காட்டிய படம், அவள் வேறொன்றை விரும்பக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

மலேசியத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட தமிழ் நாவல்களும் சுரண்டலைப் பேசின. கங்காணியின் கொடுமையைப் பேசின. தோட்டத்துப் பெண்ணின் கண்ணீரையும் பேசின. அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதிய காலத்திலும் நம் எழுத்தாளர்க்குத் தோட்டத்துப் பெண்ணின் மானம் சமூகத்தின் மானமாகவே இருந்தது. அது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆங்கில அதிகாரி நம் பெண்களை ஒழுக்கமற்றோர் என்று அறிக்கையில் எழுதியபோது, நம்மவர் அவர்களைக் கண்ணகிகளாக எழுதித்தான் மறுமொழி கூற வேண்டியிருந்தது. இருவர்க்குமிடையே அப்பெண்ணின் சொந்தக் கதை எழுதப்படாமல் போயிற்று. இக்குறையை ஓரளவு நீக்கியவை பெண்களே எழுதிய நினைவுநூல்கள். முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ அவற்றுள் ஒன்று. அத்தகைய நூல்களைப் பல்கலைக்கழக வகுப்பறையில் வரலாற்று ஆவணமாகவே வைத்துப் படிக்கலாம் என்பது எம் கருத்து.

பேராக்கும் காலப்படங்களுக்குப் புதிதன்று. ‘அன்னா அண்ட் தி கிங்’ (1999) படத்தின் சில காட்சிகள் பத்துகாஜா அருகிலுள்ள கெல்லி மாளிகையில் எடுக்கப்பட்டன. இரப்பர்த் தோட்டத்துரை வில்லியம் கெல்லி ஸ்மித் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த தொழிலாளர் கட்டியது அம்மாளிகை. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமலே நிற்கிறது. தமிழர் அடுக்கிய செங்கல் திரையில் சயாம் நாடாகத் தோன்றியது. ஆங் லீயின் ‘லஸ்ட், காஷன்’ (2007) படத்துக்காக ஈப்போவின் பழைய தெருக்கள் ஹாங்காங் ஆயின. இத்தெருக்களும் தோட்டங்களும் எவரெவர் காதலுக்கோ பின்னணியாக நின்றுள்ளன.

படம் முடிந்த அன்று புந்தோங்கில் தேநீர் வந்தது, சுண்டலும் வந்தது. லெஸ்லி செத்தது சரிதானா என்று கேட்டோம். சரிதான் என்றார் ஒருவர். “அவ எதுக்கு அவனச் சுட்டா? ஆசப்பட்டவ கூடப் போயிருக்கலாம்ல” என்றார், ஒட்டுப்பாலைப் பற்றிப் பேசிய மூதாட்டி. மற்றவர்கள் சிரித்தனர். பின்பு அவரே, தாம் சிறுமியாக இருந்தபோது தம் லயத்தில் வாழ்ந்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னார். புருஷன் சம்பளத்தன்று கள்ளுக்கடையிலிருந்து வந்து அடிப்பான். ஒருநாள் விடியற்காலை பெரட்டுக்கு அவள் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் காண்டா வாளி சுமந்த ஒருவனும் அன்று வரவில்லை. வெட்டுக்கத்தியை நன்றாகத் துடைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாளாம். கத்தி தோட்டத்துடையது, அதனால் என்றார் மூதாட்டி.

அவள் பெயர் என்னவென்று கேட்டோம். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள விரும்பினோம். மூதாட்டிக்குப் பெயர் தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. “அவ புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எங்கயாச்சும் இருக்கும்ல, தம்பி” என்று சொல்லிவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டார்.